பத்தாயிரம் ஃபோட்டானில் எத்தனை நிற்கும்? – வாசகர் கேள்வி பதில்

உடலுக்குள் செலுத்திய கதிரியக்க மருந்திலிருந்து வரும் காமா கதிர்களைக் கொண்டு படமெடுக்கும் பெட், ஸ்பெக்ட் ஸ்கேன் கருவிகளின் டிடெக்டர்களைக் கணினியில் சிமுலேட் செய்வது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் தொகுத்திருக்கிறோம். ஏறத்தாழ எல்லாரும் ‘ஜியான்ட்4’ நிரல் தொகுப்பையோ, அதன்மேல் கட்டப்பட்ட ‘கேட்’ மென்பொருளையோதான் பயன்படுத்துகிறார்கள். ஜியான்ட்4 முதலில் 1998 டிசம்பரில் வெளியானது. துகள் இயற்பியல் ஆய்வுக்காக செர்ன் ஆய்வகத்தைச் சுற்றி உருவான கருவி அது. மருத்துவப் படிமவியலுக்கென்று அதன்மேல் எழுதப்பட்ட கேட், 2004இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. (அதே பெயரில் உள்ள நுழைவுத் தேர்வுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ஆற்றல் அளவுகளைக் கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், ‘கி.எ.வோ.’ என்று சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: பெட் டிடெக்டரை கேட் மென்பொருளில் சிமுலேட் செய்வதுதான் என் புராஜெக்ட். இணையத்தில் கிடைத்த மாதிரிக் கோப்பை ஓட்டினேன், வளையம் திரையில் தெரிகிறது, எண்களும் வருகின்றன. ஆனால் அவை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– மருத்துவ இயற்பியல் முதுநிலை மாணவி, சென்னை

பதில்: வளையத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு படிகத்தில் தொடங்குங்கள். 4 மி.மீ. அகலம், 4 மி.மீ. உயரம், 20 மி.மீ. நீளமுள்ள எல்.ஒய்.எஸ்.ஓ. (காமா பட்டால் ஒளிரும், லுட்டீசியம் கலந்த பொருள்) படிகம். அதன் முகப்பின் நடுவில், நீளவாக்கில், 511 கி.எ.வோ. ஃபோட்டான்களை (பெட் கருவி உணரும் காமா கதிர்த் துகள்களை) ஊசிபோல் நேராகச் செலுத்துங்கள். பத்தாயிரம் போதும், சில வினாடிகளில் முடிந்துவிடும்.

ஓட்டுவதற்கு முன் விடையைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இந்த ஆற்றலில் எல்.ஒய்.எஸ்.ஓ.வின் தணிப்புக் கெழு (கதிரை எவ்வளவு விரைவாகக் குறைக்கிறது என்ற அளவு) செ.மீ.க்கு சுமார் 0.83 (இட்ரியம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்துச் சற்று மாறும்). 2 செ.மீ. கடக்கும்போது மோதாமல் தப்புவது அடுக்குக்குறிப்படி 19 சதவீதம், மோதுவது 81 சதவீதம். ஆகவே பத்தாயிரத்தில் ஏறத்தாழ 8,100 மோத வேண்டும். புள்ளியியல் ஏற்ற இறக்கம் 40 அளவுக்கு இருக்கலாம்.

ஓட்டிப் பார்த்தால் 5,640 வருகிறதா? உங்கள் படிகம் 20 மி.மீ. இல்லை, 10 மி.மீ. 9,640 வருகிறதா? அது 40 மி.மீ. இந்தத் தவறு மிகவும் சகஜம். ஜியான்ட்4இல் பெட்டி வடிவத்துக்குப் பாதி நீளத்தைத் தர வேண்டும், கேட் மென்பொருளிலோ முழு நீளத்தை. ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தவறுகிறது. திரையில் பார்த்தால் படிகம் படிகமாகத்தான் தெரியும். பாதியா முழுதா என்பது எண்ணிக்கையில்தான் பிடிபடும்.

இனி உள்ளே நடப்பது. ஃபோட்டான் படிகத்துக்குள் நுழைந்ததும் நிரல் ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுத்து, இது எவ்வளவு தூரம் போய் மோதும் என்று முடிவுசெய்கிறது. சராசரி 12 மி.மீ. மோதும் இடத்தில் இன்னொரு எண்: ஒளிமின் விளைவா (முழு ஆற்றலும் உறிஞ்சப்படும்), காம்ப்டன் சிதறலா (ஆற்றலில் ஒரு பகுதியை விட்டுத் திசை மாறும்)? இந்தப் படிகத்தில் பத்தில் மூன்று மோதல்கள்தான் ஒளிமின் விளைவு, மற்றவை பெரும்பாலும் காம்ப்டன். சிதறினால் எந்தக் கோணம் என்பதற்கு மேலும் ஓர் எண். ஃபோட்டான் உறிஞ்சப்படும்வரை, அல்லது வெளியேறும்வரை இது தொடரும். 1940களில் உலாமும் ஃபான் நாய்மனும் லாஸ் அலமோஸில் வகுத்த, சூதாட்ட விடுதிக்குப் பெயர்பெற்ற மான்டி கார்லோவின் பெயரைப் பெற்ற அதே முறைதான்.

ஒற்றைப் படிகம் சரியாக வந்த பிறகு 8க்கு 8 படிகக் கட்டம், பிறகு ஒரு தொகுதி, கடைசியாக வளையம். ஒவ்வொரு படியிலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்ற வடிவச் சோதனையை ஓட்டுங்கள். ஒரு பாகம் தன் தாய்ப் பாகத்தைவிட அரை மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் சிமுலேஷன் நிற்காமல் ஓடும், ஆனால் அந்த ஓரத்தில் ஃபோட்டான்கள் பொருளே இல்லாததுபோல் நழுவிப் போகும். அதோடு, படிகத்தை ‘உணர் பாகம்’ என்று கேட் மென்பொருளுக்கு அறிவித்தீர்களா என்றும் பாருங்கள். அறிவிக்காவிட்டால் வெளியீட்டுக் கோப்பு காலியாகவே இருக்கும்.

கேள்வி: என் சிமுலேஷனில் ஆற்றல் நிறமாலை எடுத்தால் 511இல் ஊசிபோல் ஒரு கோடு வருகிறது. உண்மைக் கருவியில் அகன்ற மேடு வருகிறதே? இன்னொன்று: கீழ் வரம்பை 425 கி.எ.வோ. என்று வைத்தால் இணைநிகழ்வுகள் (எதிரெதிரே ஒரே நேரத்தில் பதிவாகும் ஃபோட்டான் இணைகள்) எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை.
– ஆய்வு மாணவர், திருச்சி

பதில்: இரண்டு சிக்கல்களும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஜியான்ட்4 தருவது இயற்பியல் மட்டும்: எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு ஆற்றல் விழுந்தது. கருவியின் மின்னணுப் பகுதி அதைப் பார்க்கும் விதம் அதற்கு அடுத்த கட்டம், அதை டிஜிட்டைசர் என்கிறோம். அந்தக் கட்டத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

ஒரே ஒரு ஃபோட்டானை எடுத்துக்கொள்வோம். 511 கி.எ.வோ.வோடு வந்து, 17ஆம் எண் படிகத்தில் 60 பாகை திரும்பிச் சிதறுகிறது. அங்கே விடும் ஆற்றல் 170.3. மிச்சம் 340.7 கி.எ.வோ.வோடு பக்கத்து 18ஆம் படிகத்தில் நுழைந்து அங்கே முழுதும் உறிஞ்சப்படுகிறது. ஜியான்ட்4 பதிவில் இவை இரண்டு தனித்தனி வரிகள், சிதறிய எலக்ட்ரான்களையும் சேர்த்தால் இன்னும் பல வரிகள். ஒரே படிகத்தில் விழுந்த வரிகளைக் கூட்டி ஒரு பல்ஸாக்குவது ‘கூட்டி’ என்ற முதல் நிலை. இப்போது நம்மிடம் 170.3க்கு ஒரு பல்ஸ், 340.7க்கு ஒரு பல்ஸ். இந்த இடத்தில் 425 என்ற வரம்பைப் போட்டால் இரண்டுமே கழிந்துவிடும். ஒரு நல்ல நிகழ்வு சுவடே இல்லாமல் போய்விட்டது. உங்கள் எண்ணிக்கை பாதியானது இப்படித்தான்.

உண்மைக் கருவியில் ஒரு தொகுதியின் படிகங்கள் எல்லாம் ஒரே ஒளியுணரிக் கூட்டத்தைப் பார்க்கின்றன. அதனால் 17உம் 18உம் தந்த ஒளி சேர்ந்தே படிக்கப்படுகிறது. டிஜிட்டைசரில் ‘படிப்பான்’ நிலையைத் தொகுதி மட்டத்தில் வைத்தால், இரண்டும் சேர்ந்து 511 கி.எ.வோ.வுக்கு ஒரு பல்ஸ் கிடைக்கும். எந்தப் படிகத்தின் பெயரில்? ‘அதிக ஆற்றல் பெற்றதற்கே’ என்ற விதியைத் தேர்ந்தால் 18ஆம் படிகத்தின் பெயரில். ஃபோட்டான் முதலில் தொட்டது 17ஐ. ஆகவே இணையின் இரு படிகங்களையும் சேர்க்கும் கோடு ஒரு படிகம் தள்ளி வரையப்படும். இந்தப் பிழை உண்மைக் கருவியிலும் உண்டு, எனவே சிமுலேஷனில் அது இருப்பதே சரி. ஆனால் ஒவ்வொரு படிகத்துக்கும் தனி ஒளியுணரி வைத்த கருவி உங்களுடையதென்றால், தொகுதி மட்டத்தில் கூட்டுவது தவறாகிவிடும். கருவியின் மின்னணு அமைப்பு எந்த மட்டத்தில் கூட்டுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இந்த நிலையை நிரப்பாதீர்கள்.

அடுத்து ஆற்றல் மங்கல், அதாவது ஒரே ஆற்றலைக் கருவி சற்றுக் கூடவோ குறையவோ அளப்பது. உங்கள் ஊசிக் கோட்டை அகன்ற மேடாக்குவது இதுதான். எல்.ஒய்.எஸ்.ஓ. கருவிகளில் 511இல் 10 முதல் 12 சதவீதம் வைப்பது வழக்கம். 12 சதவீதம் என்றால் உச்சத்தின் பாதி உயரத்தில் அகலம் 61 கி.எ.வோ. ஆற்றல் குறையும்போது மங்கல், ஆற்றலின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகக் கூடும். 340.7இல் அதே படிகம் 14.7 சதவீதம் தரும். கேட் இதைத் தானே கணக்கிடும், நீங்கள் தர வேண்டியது ஓர் அடிப்படை ஆற்றலும் அதற்கான சதவீதமும்.

வரிசையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கூட்டி, படிப்பான், மங்கல், அதன் பிறகே கீழ் வரம்பும் மேல் வரம்பும். வரம்பை முன்னால் போட்டு மங்கலைப் பின்னால் வைத்தால், 424 கி.எ.வோ. நிகழ்வு எதுவும் தப்பி உள்ளே வராது, 430 எதுவும் தப்பி வெளியே போகாது. உடலில் சிதறிய ஃபோட்டான்களின் பங்கு உண்மையைவிடக் குறைந்து, உங்கள் கருவி இல்லாத சிறப்போடு தெரியும். மங்கலே இல்லாத கருவியில்கூட, 425 வரம்பைத் தாண்டி 37 பாகைவரை சிதறியவை உள்ளே வந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக இணைநிகழ்வு நேரச் சாளரம். 80 செ.மீ. விட்டமுள்ள வளையத்தைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 2.7 நானோ வினாடி ஆகும். டிடெக்டரின் நேரத் துல்லியம் மிக நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சாளரத்தை ஒரு நானோ வினாடிக்குச் சுருக்கினால், ஓரத்திலிருந்து வரும் உண்மையான இணைகளையே வெட்டி எறிகிறீர்கள்.

கேள்வி: சிமுலேஷனில் ஃபுளோரின்-18க்குக் கதிர் வெளியிடும் மூலமாக எந்த வகையைத் தேர்வது? எதிரெதிர் காமா இணையா, பாசிட்ரானா, அயனியா?
– பொறியியல் கல்லூரி ஆசிரியர், கோவை

பதில்: கேள்வியைப் பொறுத்தது. உணர்திறன், டிடெக்டர் வடிவமைப்பு போன்றவற்றுக்கு எதிரெதிர் காமா இணை போதும், வேகமாகவும் ஓடும். ஆனால் அதில் ஒவ்வொரு சிதைவும் ஓர் இணையைத் தரும். உண்மையில் ஃபுளோரின்-18இன் 96.7 சதவீதச் சிதைவுகளே பாசிட்ரானைத் தருகின்றன; அது எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போதுதான் அந்த இணை பிறக்கிறது. இதைப் பெருக்காமல் விட்டால் உணர்திறன் 3 சதவீதம் கூடுதலாக வரும், அதைத் தேடி ஒரு வாரம் போகும். சோடியம்-22 என்றால் அந்த எண் 90 சதவீதம், கூடவே 1,275 கி.எ.வோ. காமா ஒன்றும் உண்டு. அது 511 சாளரத்துக்குள் (கருவி ஏற்கும் ஆற்றல் எல்லைக்குள்) சிதறி விழும் என்பதால், சோடியம்-22க்கு எதிரெதிர் இணை மட்டும் வைப்பது சரிவராது.

இடத் துல்லியம்தான் உங்கள் கேள்வி என்றால் பாசிட்ரான் ஓடும் தூரமும் வேண்டும், ஃபோட்டான் இணை சரியாக 180 பாகையில் பிரியாமல் சற்றே கோணலாவதும் வேண்டும். தண்ணீரில் அந்தக் கோணல் அரைப் பாகை அளவு. படத்தில் அது தரும் மங்கலுக்கு எளிய கணக்கு: வளைய விட்டம் பெருக்கல் 0.0022. 80 செ.மீ. வளையத்தில் 1.8 மி.மீ., 15 செ.மீ. விட்டமுள்ள சிறு விலங்குக் கருவியில் 0.3 மி.மீ.

ஒரு எச்சரிக்கை. பாசிட்ரான் மூலத்தைத் தேர்ந்தாலே கோணல் தானாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஜியான்ட்4இன் பல பதிப்புகளில் ஓய்வு நிலை அழிவு துல்லியமாக 180 பாகையில்தான் இணையை வெளியிடும், கோணலைத் தனியே இயக்க வேண்டும். ஓர் ஆயிரம் இணைகளின் கோணத்தைப் பதிவுசெய்து வரைபடம் போடுங்கள். எல்லாம் ஒரே கோட்டில் குவிந்தால் அது இயங்கவில்லை.

கேள்வி: காமா கேமரா ஒன்றை டெக்னீஷியம்-99எம் மூலத்தோடு அமைத்தேன். இரவு முழுக்க ஓட்டியும் படத்தில் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கிறது. எங்கள் துறைக் கருவியின் நிறமாலையில் 75 கி.எ.வோ. அருகே ஈயத்தின் எக்ஸ் கதிர் மேடு தெளிவாகத் தெரியும், சிமுலேஷனில் அது இல்லவே இல்லை. எங்கே தவறு?
– அணு மருத்துவத் தொழில்நுட்பர், மதுரை

பதில்: முதல் பகுதியில் தவறே இல்லை, கொலிமேட்டரின் (கேமராவின் முன் உள்ள, துளைகள் நிறைந்த ஈயத் தகட்டின்) இயல்பே அது. கணக்கைப் பாருங்கள். அறுகோணத் துளை 1.5 மி.மீ., துளைகளுக்கு இடையே ஈயச் சுவர் 0.2 மி.மீ., நீளம் 25 மி.மீ. 140 கி.எ.வோ.வில் ஈயத்தின் ஓரங்களை ஃபோட்டான் சற்றே ஊடுருவும் என்பதால் பயன்படு நீளம் 24.3 மி.மீ. துளை விட்டத்தைப் பயன்படு நீளத்தால் வகுத்து இருமடி எடுங்கள். முகப்பில் துளை எவ்வளவு, சுவர் எவ்வளவு என்ற பங்கையும், அறுகோண அமைப்புக்கான 0.0676 என்ற மாறிலியையும் அதோடு பெருக்குங்கள். வருவது 0.0002. அதாவது மூலத்திலிருந்து எல்லாத் திசையிலும் கிளம்பும் பத்தாயிரம் ஃபோட்டான்களில் இரண்டே இரண்டுதான் துளை வழியே படிகத்தை அடைகின்றன.

மேலே போவோம். 1 மெகா பெக்கரல் டெக்னீஷியம் வினாடிக்கு 8,90,000 ஃபோட்டான்களை (140.5 கி.எ.வோ., 89 சதவீதம்) தரும். அதில் துளை வழியே வருபவை 178. சோடியம் அயோடைடு படிகம் 9.5 மி.மீ. என்றால், 20 சதவீதச் சாளரத்துக்குள் பதிவாவது காற்றில் சுமார் 140. 60 கோணங்கள், கோணத்துக்கு ஒரு லட்சம் எண்ணிக்கை என்று முழு ஸ்பெக்ட் பதிவு வேண்டுமென்றால் 60 லட்சம் எண்ணிக்கை தேவை. அதற்கு 3,800 கோடி ஃபோட்டான்களைப் பின்தொடர வேண்டும். உங்கள் கணினியின் ஒரு கோர் வினாடிக்கு 20,000 ஃபோட்டான் முடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 22 நாள் ஆகும். அதுவும் காற்றில்! 10 செ.மீ. தண்ணீருக்குள் மூலம் இருந்தால் சிதறாமல் வெளியே வருவது ஐந்தில் ஒன்றுதான். ஓர் இரவு எப்படிப் போதும்?

வழிகள் உண்டு. 32 கோர் கொண்ட சர்வர் கிடைத்தால் 22 நாள் என்பது 17 மணி நேரமாகும். தட்டையான மூலம் காற்றில் என்றால் ஃபோட்டான்களைக் கேமரா பக்கம் ஒரு கூம்புக்குள் மட்டும் அனுப்பலாம். 10 பாகை அரைக்கோணக் கூம்பு முழுக் கோளத்தில் 0.76 சதவீதம், ஆகவே இறுதி எண்ணிக்கையை அந்தப் பங்கால் பெருக்க மறக்கக் கூடாது. உடல் மாதிரிக்குள் மூலம் இருக்கும்போது இந்தக் குறுக்குவழி வேண்டாம். பக்கவாட்டில் கிளம்பிச் சிதறிக் கேமராவுக்குத் திரும்பும் ஃபோட்டான்களை அது மொத்தமாக இழந்துவிடும். 140 கி.எ.வோ.வில் 20 சதவீதச் சாளரம் 53 பாகை வரை சிதறியவற்றை ஏற்கிறது, அவை கொஞ்சநஞ்சமல்ல. அங்கே சரியான வழி, கொலிமேட்டரின் கோண ஏற்பை ஒருமுறை நீண்ட ஓட்டத்தில் அட்டவணையாக்கி, பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த அட்டவணையைப் பயன்படுத்துவது. கேட் மென்பொருளிலேயே இதற்கு வசதி இருக்கிறது.

கொலிமேட்டர் கட்டும்போது ஒரு நுணுக்கம். அறுகோணத் துளைகளை ஒரே சதுர அடுக்காக அடுக்க முடியாது. மேலே சொன்ன அளவுக்குத் துளை நடுவிலிருந்து அடுத்த துளை நடு 1.7 மி.மீ. ஒரு வரிசையில் 1.7 மி.மீ. இடைவெளி, அதே வகை அடுத்த வரிசை 2.944 மி.மீ. தள்ளி. பிறகு இந்த முழு அடுக்கின் நகல் ஒன்று, ஒரு பக்கம் 0.85 மி.மீ., மறு பக்கம் 1.472 மி.மீ. தள்ளி. அறுகோணத்தின் ‘ஆரம்’ என்று தரும் எண் நடுவிலிருந்து தட்டைப் பக்கம் வரையா, மூலை வரையா என்று ஒரு துளையை மட்டும் வரைந்து அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 15 சதவீதம்தான். ஆனால் துளைகளின் இடைவெளி மாறாதபோது உணர்திறன் துளை அளவின் நான்காம் அடுக்காக மாறுகிறது, ஆகவே விடை ஏறத்தாழ 1.8 மடங்கு பிசகிவிடும்.

இனி ஈயத்தின் எக்ஸ் கதிர். இது உண்மையான தவறு, காரணமும் திட்டவட்டமாகச் சொல்லலாம். ஜியான்ட்4 எல்லா இரண்டாம் நிலைத் துகள்களையும் உருவாக்குவதில்லை. ‘இவ்வளவு தூரம்கூடப் போகாது’ என்று கருதும் துகளை உருவாக்காமல் அதன் ஆற்றலை அந்த இடத்திலேயே விட்டுவிடும். அந்தத் தூர வரம்பு, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 0.7 மி.மீ. ஈயத்தில் ஃபோட்டானுக்கு இந்த 0.7 மி.மீ. என்பது சுமார் 100 கி.எ.வோ.வுக்குச் சமம். ஈயத்தின் எக்ஸ் கதிர்கள் 73, 75, 85 கி.எ.வோ.வில் இருக்கின்றன. எல்லாமே வரம்புக்குக் கீழே, ஆகவே பிறப்பதே இல்லை.

கொலிமேட்டர் பாகத்துக்கு மட்டும் ஃபோட்டான் வரம்பை 0.01 மி.மீ. அளவுக்குக் குறையுங்கள். ஒளிர்வு என்ற அணுத் தளர்வு நிகழ்வை இயக்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஜியான்ட்4இன் மின்காந்தத் தொகுப்புகளில் நான்காம் தேர்வை எடுத்தால் அது இயங்கியே வரும். எலக்ட்ரான் வரம்பை அவ்வளவு குறைக்க வேண்டாம், பயனில்லாமல் வேகம் மட்டும் படுத்துவிடும். ஓட்டம் தொடங்கும்போது திரையில் ஒவ்வொரு பொருளுக்கும் தூர வரம்பும் அதற்கான ஆற்றலும் அட்டவணையாக ஓடும். அதை யாரும் படிப்பதில்லை. ஈயத்துக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்று அடுத்த முறை நின்று பாருங்கள்.

கேள்வி: விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா?
– மாணவர், சேலம்

பதில்: கேட் மென்பொருளின் வழக்கமான ஓட்டத்துக்கு வேண்டாம். பணத்தைக் கோர்களின் எண்ணிக்கையில் போடுங்கள். வேலையைப் பல துண்டாக்கி ஒரே நேரத்தில் ஓட்டும்போது, ஒவ்வொரு துண்டுக்கும் சமவாய்ப்பு எண்ணின் தொடக்க விதை வேறாக இருக்க வேண்டும். விதையைக் கடிகாரத்திலிருந்து எடுக்கும்படி வைத்து 32 வேலைகளை ஒரே வினாடியில் தொடங்கினால், சில வேலைகள் அச்சுப் பிசகாமல் ஒரே விடையைத் தரலாம். கூட்டினால் எண்ணிக்கை பெருகும், தகவல் பெருகாது. வேலை எண்ணையே விதையாகக் கொடுத்துவிடுங்கள். மென்பொருளுக்குக் காசு கிடையாது. பத்தாம் பதிப்பைப் பைத்தான் வழியே நேரடியாக நிறுவலாம்.

கேள்வி: எங்கள் பெட் கருவியில் மூலம் எதுவும் இல்லாதபோதும் எண்ணிக்கை ஏறுகிறது. சிமுலேஷனில் சுத்தமாகப் பூஜ்யம். இந்தப் பின்னணியைச் சேர்க்க வேண்டுமா?
– மருத்துவ இயற்பியலாளர், யாழ்ப்பாணம்

பதில்: அந்த எண்ணிக்கை படிகத்திலிருந்தே வருகிறது. எல்.எஸ்.ஓ., எல்.ஒய்.எஸ்.ஓ. படிகங்களில் உள்ள லுட்டீசியத்தில் 2.6 சதவீதம் லுட்டீசியம்-176. அதன் அரை ஆயுள் சுமார் 3,700 கோடி ஆண்டு. அவ்வளவு மெதுவாகச் சிதைந்தாலும், ஒரு கன செ.மீ. எல்.எஸ்.ஓ.வில் வினாடிக்கு ஏறத்தாழ 300 சிதைவுகள். 4 × 4 × 20 மி.மீ. படிகம் ஒன்றுக்கு 95. இருபதாயிரம் படிகம் கொண்ட வளையத்தில் வினாடிக்கு 19 லட்சம்! ஒவ்வொரு சிதைவிலும் ஒரு பீட்டா, கூடவே 307, 202, 88 கி.எ.வோ. காமாக்கள். பீட்டா பிறந்த படிகத்திலேயே நின்றுவிடும். காமா எதிர்ப் பக்கப் படிகத்தை அடைந்தால் அது உண்மையான இணைநிகழ்வைப் போலவே பதிவாகும்.

சேர்க்க வேண்டுமா என்பதை உங்கள் கீழ் வரம்பு சொல்லும். 425 அல்லது 435 கி.எ.வோ. என்றால், 307 காமா தனியாக அந்த வரம்பைத் தாண்டாது. நோயாளிக்கு வழக்கமான அளவு மருந்து தரும் ஸ்கேனில் இதை விட்டுவிடலாம். சிறு விலங்குக் கருவியில் வரம்பை 250க்கு இறக்கியிருந்தாலோ, மிகக் குறைந்த கதிரியக்கத்தைப் படமெடுக்க முயன்றாலோ கட்டாயம் சேருங்கள்.

சேர்க்கும்போது இரண்டு பொறிகள். லுட்டீசியம்-176ஐ அயனியாக வைத்தால், ஜியான்ட்4 அதன் சிதைவு நேரத்தை அரை ஆயுளுக்கு ஏற்பவே எடுக்கும். பத்தின் பதினெட்டாம் அடுக்கு என்ற அளவில் வினாடிகள் கழித்து. கணினியின் எண்ணில் 16 இலக்கம்தான் நிற்கும், அத்தனை பெரிய எண்ணில் நானோ வினாடி வேறுபாடு கரைந்துபோகும். பிறகு எந்த இணைநிகழ்வும் நம்பத்தக்கதல்ல. சிதைவு நேரத்தை மூலத்தின் நேரத்திலிருந்தே கணக்கிடும்படி அமையுங்கள். இரண்டாவது, புதிய ஜியான்ட்4 பதிப்புகளில் மிக நீண்ட ஆயுள் கொண்ட அணுக்கருவை நிலையானதாகவே கருதும் கால வரம்பு ஒன்று உண்டு. அதை உயர்த்தாவிட்டால் படிகம் வாய்மூடி இருக்கும்.

கேள்வி: படிகத்துக்குள் ஒளி பரவுவதையும் சேர்த்து சிமுலேட் செய்ய விரும்புகிறேன். வளையம் முழுவதற்கும் செய்யலாமா?
– ஆய்வு மாணவி, வேலூர்

பதில்: வளையத்துக்கு வேண்டாம், ஒரு படிகத்துக்கோ ஒரு தொகுதிக்கோ செய்யுங்கள். 511 கி.எ.வோ. ஒன்று எல்.ஒய்.எஸ்.ஓ.வில் முழுதும் நின்றால் சுமார் 15,000 ஒளி ஃபோட்டான்கள் பிறக்கும். ஒவ்வொன்றும் நான்கு சுவரிலும் பலமுறை எதிரொளித்துப் போகும். ஒரு காமாவுக்கு ஆன கணக்கு வேலை ஆயிரக்கணக்கான மடங்காகிறது. ஒரு படிகத்தில் கிடைக்கும் மங்கலையும் நேரப் பரவலையும் எடுத்து, வளையச் சிமுலேஷனின் டிஜிட்டைசருக்குத் தருவதுதான் நடைமுறை.

பெரும்பாலும் எங்கே இடறுகிறது என்றால் பரப்புகளில். ஒளி படிகத்திலிருந்து பிசினுக்குப் போகும் பரப்பும், பிசினிலிருந்து படிகத்துக்குத் திரும்பும் பரப்பும் மென்பொருளுக்கு இரண்டு தனிப் பரப்புகள். ஒரு திசையை மட்டும் வரையறுத்தால் திரும்பும் ஒளி வேறு விதிப்படி நடக்கும். ஒளி தொடும் எல்லாப் பொருளுக்கும் ஒளிவிலகல் எண் வேண்டும் (எல்.ஒய்.எஸ்.ஓ.வுக்கு 1.82). காற்றுக்கு 1 என்று எழுத மறந்தால், காற்றைத் தொட்ட ஒளி அங்கேயே கொல்லப்படும். படிகத்தைச் சுற்றி மெல்லிய காற்றிடைவெளி இருக்கும் கருவியில் பெரும்பகுதி ஒளி இப்படியே மறையும், நீங்கள் படிகம் மோசம் என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கும் சோதனை உண்டு. உறிஞ்சலை அணைத்து, ஐந்து பக்கத்துக்கும் 100 சதவீத எதிரொளிப்பு தந்து, ஆறாம் பக்கத்தில் ஒளியுணரியை அதே ஒளிவிலகல் எண்ணோடு ஒட்டுங்கள். பிறந்த ஒளி அத்தனையும் உணரிக்கு வந்துசேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஏதோ ஒரு பரப்பில் ஓட்டை.

கேள்வி: எல்லாம் அமைத்தாகிவிட்டது. மருத்துவமனைக் கருவியின் அளவீட்டோடு எதை, எந்த வரிசையில் ஒப்பிடுவது?
– முனைவர் பட்ட மாணவர், புதுச்சேரி

பதில்: நெமா (அமெரிக்க மின்கருவி உற்பத்தியாளர் சங்கம்) வகுத்த தர அளவீடுகளையே எடுங்கள். முழு உடல் கருவிக்கு என்.யு.2, சிறு விலங்குக் கருவிக்கு என்.யு.4. மருத்துவமனையில் ஏற்பு அளவீட்டு அறிக்கை இருக்கும்.

முதலில் உணர்திறன், 70 செ.மீ. கோட்டு மூலத்தில். அதில் உடலும் இல்லை, சிதறலும் சொற்பம். படிக அளவு, இடைவெளி, சாளரம் ஆகியவை மட்டும்தான் பேசும். அது பொருந்தாமல் மேலே போகாதீர்கள். அடுத்தது சிதறல் பங்கு: 203 மி.மீ. விட்டம், 700 மி.மீ. நீளமுள்ள பாலிஎத்திலீன் உருளை, நடுவிலிருந்து 45 மி.மீ. தள்ளி ஒரு கோட்டு மூலம். இங்கே உங்கள் ஆற்றல் மங்கலும் கீழ் வரம்பும் சோதனைக்கு வருகின்றன. மூன்றாவதாக எண்ணிக்கை வீத வளைவு. அதில் செயலற்ற நேரம் (ஒரு நிகழ்வைப் பதியும்போது அடுத்ததைக் கருவி ஏற்காத நேரம்) தீர்மானிக்கும், அதைப் பொருத்துவதுதான் மிகக் கடினம். படத்தின் தரத்தைக் கடைசியாகப் பாருங்கள், ஏனென்றால் படத்தில் மறுகட்டமைப்பு நிரலின் பங்கும் கலந்துவிடுகிறது.

உணர்திறன் சிமுலேஷனில் 10 சதவீதம் கூடுதலாக வந்தால், ஒரு எண்ணால் வகுத்துச் சரிசெய்யும் ஆசை வரும். வகுப்பதற்கு முன் என்ன விடுபட்டது என்று தேடுங்கள். படிகங்களுக்கு இடையே எதிரொளிப்புத் தாள் சேர்த்தீர்களா? 4 மி.மீ. படிகம் 4.1 மி.மீ. இடைவெளியில் அடுக்கப்பட்டிருந்தால் வளையத்தின் முகப்பில் 5 சதவீதம் படிகமே இல்லை. இணைநிகழ்வுக்கு இரண்டு ஃபோட்டான் வேண்டுமென்பதால் இழப்பு அதன் இருமடிக்கு ஏற்பப் போகும், உங்கள் 10 சதவீதம் ஏறத்தாழ அங்கேயே கிடைத்துவிடுகிறது. அது இல்லையென்றால் படிகத்தின் முன் உள்ள உறை, பிறகு மூலத்தைச் சுற்றிய குழாய். கோட்டு மூலத்தைக் கட்டிலின் மேல் வைத்து அளந்தார்களா, கம்பியில் தொங்கவிட்டு அளந்தார்களா என்று அளந்தவரிடமே கேட்டுவிடுங்கள்.